டிரசர் பதில்கள்: ஸ்டோர் வாசலில் இரண்டு ஜாகா

போன இதழில் குழந்தைகளுக்கு வரும் கண் புற்றைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. எனவே இந்த மாதம் சர்க்கரைக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் முப்பத்தோர் ஆண்டு மலேசியத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன், மருத்துவர் அல்லன். படித்ததையும் பார்த்ததையும் சொல்வேன். மருந்துச் சீட்டு எழுத மாட்டேன்.

கேள்வி: என் தங்கை மகனுக்கு ஒன்றரை வயதில் கண் புற்று வந்து இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். பையன் இப்போது நன்றாக ஓடியாடுகிறான். ஆனால் தங்கையின் மாமியார், "உங்கள் குடும்பத்து இரத்தத்தில் இருந்ததுதான் என் பேரன் கண்ணைத் தின்றது" என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்கிறார். எங்கள் பக்கத்தில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. தங்கை இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. இந்தப் பிள்ளைக்கும் வருமா?
— ஒரு பெரியம்மா, சுங்கை சிப்புட்

முதலில் மாமியாரைக் கவனிப்போம், அம்மா. இந்த நோயின் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. கண்ணுக்குள்ளே பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் வரும் கட்டி. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். உலகம் முழுவதும் ஏறக்குறைய பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. இதில் இரண்டு வகை உண்டு. பிறக்கும்போதே உடம்பின் எல்லா உயிரணுவிலும் ஒரு மரபணுப் பழுதோடு வருவது ஒன்று. பிறந்த பிறகு விழித்திரையின் ஒரே ஓர் உயிரணுவில் தற்செயலாக நேருவது மற்றொன்று. இரண்டு கண்ணிலும் கட்டி இருந்தால் அது முதல் வகை. ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் வகை, ஆனாலும் நூறில் பதினைந்து போல முதல் வகையாக இருக்கக்கூடும்.

முதல் வகையிலும்கூட, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதுதான் மிகுதி. அப்படிப் புதிதாகத் தோன்றும் பழுது எங்கே தோன்றுகிறது என்று தேடிப் பார்த்தவர்கள், பெரும்பாலும் தந்தையின் வித்தணுவில் என்று கண்டார்கள். இதை மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நானாக இருந்தால் விருந்தாளிகள் இருக்கும்போது சொல்வேன். யாருடைய மகன் மேலும் இதில் குற்றம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் உண்மை.

இப்போது வயிற்றுப் பிள்ளைக்கு வருவோம். பையனுடைய இரத்தத்தையும், எடுத்த கட்டியில் ஆஸ்பத்திரி பத்திரப்படுத்திய துண்டையும் வைத்து மரபணுச் சோதனை செய்ய முடியும். கட்டியில் கண்ட பழுது பையன் இரத்தத்தில் இல்லையென்றால், தம்பிக்கோ தங்கைக்கோ வரும் பயம் மிகவும் குறைவு. இரத்தத்தில் இருந்தால் பெற்றோர் இருவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிவு வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பிள்ளை பிறந்த முதல் வாரங்களிலேயே கண் மருத்துவர் கண்மணியை மருந்து விட்டு விரித்துப் பார்க்கட்டும், அப்புறம் அவர் சொல்லும் நாள்களில் தவறாமல் பார்க்கட்டும். சிறியதாக இருக்கும்போதே கண்டால் லேசர், உறையவைத்தல், மருந்து என்று கண்ணைக் காப்பாற்றும் வழிகள் இருக்கின்றன.

கேள்வி: ஐயா, படிவம் 6-இல் உயிரியல் படிக்கிறேன். நட்சன் என்ற அறிஞர் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே புற்றுநோய் மரபணுவைக் கண்டுபிடித்தார் என்று ஆசிரியர் சொன்னார். மரபணுவைப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?
— மாணவர், குவாலா கங்சார்

தம்பி, உங்கள் ஆசிரியர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார். நட்சன் மரபணுவைக் கண்டுபிடிக்கவில்லை. அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். என்னைக் கேட்டால் அது இன்னும் பெரிய வேலை.

ஆல்ஃபிரட் நட்சன் அமெரிக்கர், 1922-இல் பிறந்தவர், குழந்தை மருத்துவரும் மரபியலாளரும் ஆனவர். டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் அப்போது வேலை. அங்கே 1944 முதல் 1969 வரை கண் புற்றோடு வந்த 48 குழந்தைகளின் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவருக்கு வேண்டியிருந்தவை சில்லறை விவரங்கள்: ஒரு கண்ணா இரண்டு கண்ணா, கண்டபோது எத்தனை மாதம், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, எத்தனை கட்டி. 1971-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் கட்டுரை வந்தது. மொத்தம் நான்கே பக்கம். நம் கோயில் திருவிழா அழைப்பிதழ் அதைவிட நீளமாக இருக்கும்.

கணக்கைத் தோட்டத்து வழக்கிலே சொல்கிறேன். ரப்பர் ஷீட் அடுக்கிவைத்த ஸ்டோர் ஒன்று. வாசலில் இரண்டு ஜாகா, அதாவது காவல்காரர்கள். ஒருவரை அப்பா அனுப்பினார், ஒருவரை அம்மா அனுப்பினார். ஒருவன் வேலையை விட்டு ஓடிப்போனாலும் மற்றவன் இருக்கும் வரை திருட்டு நடக்காது. ஓடியவன் திரும்ப வர மாட்டான், மாற்று ஆளும் கிடையாது. இப்போது நூறு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் ஜாகாக்களில் பத்தில் ஒருவன் ஓடிவிடுகிறான் என்று வைப்போம்.

முதலிலேயே ஒரே ஜாகா உள்ள நூறு ஸ்டோர் என்றால், முதல் மாதக் கடைசியில் திருட்டுப் போகாமல் மிஞ்சுவது 90. இரண்டாம் மாதம் 81. மூன்றாம் மாதம் 73. எடுத்த எடுப்பிலேயே சரிவு, அதுவும் ஒரே விகிதத்தில். இரண்டு ஜாகா உள்ள நூறு ஸ்டோர் என்றால் இருவரும் ஓட வேண்டும். முதல் மாதம் 99 மிஞ்சும், இரண்டாம் மாதம் 96, மூன்றாம் மாதம் 93. தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும், போகப் போகத்தான் சரியும். ஒரே விகிதச் சரிவு நேர்கோடாகத் தெரியும் மடக்கை அளவுத்தாளில் குறித்துப் பாருங்கள். முதல் கூட்டம் நேர்கோடாக இறங்கும், இரண்டாம் கூட்டம் தோள்பட்டை போல வளைந்து இறங்கும்.

ஸ்டோர் என்பது ஓர் உயிரணு, ஜாகா ஓடுவது மரபணுப் பழுது, திருட்டு என்பது புற்று. நட்சன் செய்தது இவ்வளவுதான். இரண்டு கண்ணிலும் நோய் வந்த பிள்ளைகளின் வயதைக் குறித்தார், நேர்கோடு வந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்த பிள்ளைகளின் வயதைக் குறித்தார், வளைந்தது. முதல் கூட்டத்துக்கு ஒரு பழுது போதும், ஏனென்றால் இன்னொன்று பிறவியிலேயே வந்துவிட்டது. இரண்டாம் கூட்டத்துக்கு இரண்டுமே பிறந்த பிறகு நேர வேண்டும். இரண்டு அடி விழுந்தால்தான் புற்று. ஓர் உயிரணுவில் ஓராண்டில் அந்த அடி விழும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு கோடியில் இரண்டு என்றும் கணக்கிட்டுச் சொன்னார்.

ஒரு கோடியில் இரண்டு என்றால் நடக்கவே நடக்காது போலத் தோன்றும். விழித்திரையில் உயிரணுக்கள் கோடிக்கணக்கில் வளர்கின்றன என்பதை மறக்கக் கூடாது. எல்லா ஸ்டோரிலும் பிறவியிலிருந்தே ஒற்றை ஜாகா உள்ள பிள்ளைக்கு எங்காவது ஓரிடத்தில் அவனும் ஓடிப்போவது ஏறக்குறைய நிச்சயம். சராசரியாக மூன்று கட்டி வருகிறது என்று நட்சன் கண்டார். அதனால்தான் இரண்டு கண்ணிலும் வருகிறது, சீக்கிரமும் வருகிறது. சராசரி மூன்று என்றால் சிலருக்கு ஐந்து வரும், சிலருக்கு ஒன்று வரும், நூறில் ஐந்து பேருக்கு ஒன்றுமே வராது. "பாட்டிக்கு இருந்தது, அம்மாவுக்கு இல்லை, பிள்ளைக்கு வந்துவிட்டது" என்று ஊரில் சொல்கிறார்களே, அப்படித் தலைமுறை தாண்டுவதற்கு இந்தச் சூதாட்டமே போதும், சாபமெல்லாம் தேவையில்லை.

இந்த இரண்டு அடியும் ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகள் மேல்தான் விழுகின்றன என்று நட்சன் அந்த நான்கு பக்கத்தில் அடித்துச் சொல்லவில்லை. அதை 1973-இல் டேவிட் காமிங்ஸ் என்பவர் தெளிவாக முன்வைத்தார். 1983-இல் வெப்ஸ்டர் கேவனியும் கூட்டாளிகளும் கட்டிகளுக்குள்ளேயே பார்த்து, நல்ல பிரதி தொலைந்துபோயிருப்பதைக் காட்டினார்கள். 1986-இல் ஸ்டீபன் ஃபிரெண்ட், ராபர்ட் வைன்பர்க், தாடியஸ் டிரைஜா ஆகியோர் 13-ஆம் குரோமோசோமில் அந்த மரபணுவையே பிரித்தெடுத்தார்கள். பெயர் ஆர்பி1. உயிரணு பிரிந்து பெருக நினைக்கும்போது "பொறு" என்று பிடித்துவைக்கும் புரதத்தை உண்டாக்குவது அதன் வேலை. கட்டியை அடக்கும் மரபணு என்று ஒரு வகையே அதிலிருந்துதான் கைக்குக் கிடைத்தது. பென்சில் கணக்குக்கும் கையில் கிடைத்த மரபணுவுக்கும் இடையில் பதினைந்து ஆண்டு. நட்சன் அதையெல்லாம் பார்த்து, 1998-இல் லாஸ்கர் விருதும் வாங்கி, 2016-இல்தான் காலமானார். தேர்வில் அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் 'கே' எழுத்து வரும், வாயில் வராது. மதிப்பெண்ணைத் தவறவிட வேண்டாம்.

கேள்வி: கண் புற்று வந்த குழந்தையை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா? ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுகொள்வது?
— வாசகர், பத்து காஜா

ஒரே ஒரு முறை பார்த்தேன், அதையும் தவறவிட்டேன். அந்தப் பெண் இப்போது பிள்ளை பெற்று நலமாக இருக்கிறாள். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கள், தோட்டத்தின் பெயர் மட்டும் வேண்டாம்" என்றாள்.

1981. பால்மரம் வெட்டும் ஒரு தாய் தன் இரண்டு வயது மகளை ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். மரம் வெட்டி முடித்து, பால் எடுக்கக் காத்திருக்கும் இடைவேளை. கையெல்லாம் ஒட்டுப்பால். "பிள்ளை கண்ணுக்குள்ளே நிலா தெரிகிறது" என்றாள். நான் பிள்ளையைச் சன்னல் பக்கம் உட்காரவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு நிலாவும் தெரியவில்லை. கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினேன். பதிவேட்டில் தாய் சொன்னதை மட்டும் அப்படியே எழுதிவைத்தேன்: வலது கண், நிலா, அதிகாலையில் மட்டும்.

'அதிகாலையில் மட்டும்' என்று என் கையால் எழுதிவிட்டு, ஏன் என்று ஒரு நிமிடம் நான் யோசிக்கவில்லை. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்குப் போகுமுன், ஐந்து மணி இருட்டில் அவள் பிள்ளையை ஆயா கொட்டகையில் விடுவாள். தலையில் வெட்டு விளக்கு கட்டியிருக்கும். குனிந்து பிள்ளையை இறக்கும்போது விளக்கு வெளிச்சம் அவள் பார்வை போகும் அதே கோட்டில் பிள்ளை கண்ணுக்குள் போகும். இருட்டில் கண்மணியும் நன்றாக விரிந்திருக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டியில் பட்டு வெளிச்சம் நேராக அவள் கண்ணுக்கே திரும்பும். நானோ வெயிலில், கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தேன். அந்தக் காலையில் சரியான கருவி அவள் நெற்றியில் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும் மருத்துவர், வழக்கம்போலப் பதிவேட்டைப் புரட்டியபோது 'நிலா' என்ற சொல்லைப் பார்த்து நிமிர்ந்தார். "எங்கே அந்தப் பிள்ளை?" என்றார். ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்தி, இருட்டாக்கிப் பார்த்தார். பூனைக் கண் போல வெள்ளையாக மின்னியது. தோட்டத்து வேனிலேயே அன்று மாலை ஈப்போவுக்கு அனுப்பினோம், அங்கிருந்து கோலாலம்பூர். கண் போயிற்று, உயிர் நின்றது. அந்தப் பதினான்கு நாளால் என்ன கெட்டது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எல்லோர் கையிலும் அந்த வெட்டு விளக்கு இருக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பிள்ளையின் ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் இருந்தால், அல்லது பிள்ளைக்குத் திடீரென்று மாறுகண் விழுந்தால், அந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். படம் எடுத்த கோணத்தாலும் சில நேரம் வெள்ளை தெரியும். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் பஸ் கட்டணம்தான் நட்டம்.

கதை அங்கே முடியவில்லை. அவளுக்கு 2004-இல் மகன் பிறந்தான். பெரிய ஆஸ்பத்திரியில், "உங்களுக்கு எத்தனை மாதத்தில் கண்டார்கள்? கண்ணுக்குள் ஒரு கட்டியா, பல கட்டிகளா?" என்று கேட்டார்களாம். பல கட்டி என்றால் பிறவிப் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். அவள் என்னிடம் ஓடிவந்தாள். எல்லா விவரமும் எழுதி, கோலாலம்பூரிலிருந்து வந்த கடிதத்தின் நகலையும் என் பதிவேட்டில் ஒட்டிவைத்திருந்தேன். தோட்டம் விற்கப்பட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டடத்தைக் காலி செய்தவர்கள் பதிவேடுகளைப் புகைக்கூட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பையனுக்குப் பிறவிப் பழுது இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்துக் கொடுத்து அவன் கண்ணை ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஒரு தாள் இருந்திருந்தால் அதில் பாதி மயக்க மருந்து மிஞ்சியிருக்கலாம்.

கேள்வி: என் பாட்டி எண்பத்தாறு வயது வரை வெற்றிலை போட்டார், ஒன்றும் வரவில்லை. வெற்றிலை போட்டால் வாய்ப்புற்று என்று நீங்கள் பயமுறுத்துவது நம் பண்பாட்டுக்கே எதிரானது அல்லவா?
— வாசகர், லிந்தாங்

வெற்றிலை மேல் எனக்கு வழக்கு இல்லை, ஐயா. தாம்பூலத் தட்டில் வையுங்கள், மாப்பிள்ளை அழைப்புக்குக் கொடுங்கள். வழக்கு பாக்கின் மேலும் புகையிலையின் மேலும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று தீர்ப்பளித்துவிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடம்தான் கூடுதல், அதிலும் நம் பெண்களிடம். இருட்டில் பெரட்டுக்கு நிற்கும்போது பசியும் குளிரும் தெரியாமலிருக்க ஒரு வாய் போட்டார்கள். கொடுப்பில் அடக்கிய உருண்டை மத்தியானம் வரை அங்கேயே ஊறும். கட்டி வந்த இடம் பெரும்பாலும் அதே கொடுப்பு.

அங்கே நடப்பதும் நம் ஜாகா கதைதான். வாய்ப்புற்றில் அதிகமாகப் பழுதாகிக் கிடக்கும் மரபணுக்களில் இரண்டு, பி53, பி16. இரண்டுமே கட்டியை அடக்கும் வகை. பி53-இன் வரலாறு எனக்கு மிகவும் பிடிக்கும். 1979-இல் அதன் புரதத்தைப் புற்று உயிரணுக்களில் கண்டார்கள். எந்தக் கட்டியில் பார்த்தாலும் இவன் நின்றான், எனவே இவன்தான் திருடன் என்று முடிவுகட்டினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1989-இல்தான் உண்மை தெரிந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அடிபட்டு முடமான ஜாகாவை. நல்ல நிலையில் இருக்கும் பி53, பழுதான உயிரணுவைப் பெருக விடாமல் நிறுத்தும், திருத்த முடியாவிட்டால் சாகவும் வைக்கும். மனிதப் புற்றுகளில் பாதி போல இந்த ஒரு மரபணு பழுதாகித்தான் இருக்கிறது. புகையிலை விஷயத்தில் கைரேகையே கிடைத்துவிட்டது. புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற பொருள் பி53-இல் போய் ஒட்டும் இடங்களும், நுரையீரல் புற்றில் அந்த மரபணு வழக்கமாக உடைந்திருக்கும் இடங்களும் ஒன்றே என்று 1996-இல் காட்டினார்கள்.

உங்கள் பாட்டிக்கு ஏன் வரவில்லை? சூதில் சிலர் ஜெயிப்பார்கள். நட்சனின் நூறில் ஐந்து பேர் பிறவிப் பழுதோடேயே தப்பித்தார்கள் அல்லவா. தப்பித்த பாட்டி எண்பத்தாறு வயதில் திண்ணையில் உட்கார்ந்து சாட்சி சொல்வார், தப்பிக்காத பாட்டி சாட்சி சொல்ல வர மாட்டார்.

வீட்டில் யாராவது போட்டுக்கொண்டிருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறது, மிளகாய் பட்டாலே எரிகிறது, கொடுப்பில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறது, இரண்டு வாரமாக ஒரு புண் ஆறவில்லை என்றால், அரசாங்கப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பல்லே இல்லாத பாட்டியையும்தான்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்று வரவில்லை, அப்பாவின் இரண்டு தங்கைகளுக்கு நாற்பது வயதுக்குள் வந்தது. எனக்குப் பயமில்லை என்கிறாள் என் தோழி. ஹாலிவுட் நடிகை ஒருவர் முன்கூட்டியே மார்பகங்களை எடுத்துக்கொண்டாரே, அதுவும் ஏன்?
— வாசகி, ஈப்போ

தோழி சொல்வது தவறு. மார்பகம் பெண்ணுக்கு, எனவே வழியும் தாய்வழி என்று நினைக்கிறார்கள். ஜாகாக்களில் ஒருவரை அனுப்பியது அப்பா. அவர் பழுதான ஆளை அனுப்பியிருக்கலாம், தமக்கு ஒன்றும் ஆகாமலே. மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1990-இல் பல குடும்பங்களின் வம்சாவளியைப் பின்தொடர்ந்து, இளவயதில் வரும் மார்பகப் புற்றுக்கான ஒரு மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-இல் அது பிரித்தெடுக்கப்பட்டது, அதுதான் பிராகா1. அடுத்த ஆண்டு பிராகா2. இவையும் கட்டியை அடக்கும் வகைதான். இந்தப் பழுதோடு பிறந்த பெண்களில் எண்பது வயதுக்குள் நூறில் எழுபது பேர் போல மார்பகப் புற்றுக்கு ஆளாகிறார்கள். அஞ்சலினா ஜோலி 2013-இல் அறுவை செய்துகொண்டதற்குக் காரணம் பிராகா1. அவருடைய தாய் புற்றில் இறந்தவர்.

அதற்காக எல்லோரும் கத்திக்கு ஓட வேண்டாம். மார்பகப் புற்று வருவோரில் நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இப்படிப் பிறவிப் பழுது. ஆனால் உங்கள் அத்தைகள் இருவர், இருவரும் நாற்பதுக்குள் என்றால் கேட்டே ஆக வேண்டும். நம் பெண்களின் மரபணுக்களைப் பற்றிய ஆய்வு சுபாங் ஜெயாவில் உள்ள மலேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நடக்கிறது. வெள்ளைக்காரர் கணக்கையே என்றைக்கும் நம்பியிருக்க வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அத்தைகளுக்கு எந்த வயதில் வந்தது, ஒரு பக்கமா இரு பக்கமா, சினைப்பைப் புற்று யாருக்காவது உண்டா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அத்தை உயிரோடு இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். முதலில் சோதிக்க வேண்டியது அவர் இரத்தம்.

கேள்வி: யானை எவ்வளவு பெரியது! அதற்கு நம்மைவிட அதிகமாகப் புற்றுநோய் வருமா?
— ஐந்தாம் ஆண்டு மாணவி, சுங்கை சிப்புட்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இது, கண்ணே. உயிரணு அதிகம் என்றால் ஸ்டோர் அதிகம், திருட்டும் அதிகமாக வேண்டும் அல்லவா? ஆனால் யானைக்குப் புற்று குறைவாகவே வருகிறது. காரணத்தில் ஒரு பங்கு 2015-இல் தெரிந்தது. நமக்குப் பி53 ஒரு ஜோடி, யானைக்கு இருபது ஜோடி. அவற்றில் பெரும்பாலானவை முழு ஜாகா அல்ல, சட்டை மட்டும் மாட்டிய அரை ஆள்கள். இருந்தாலும் யானையின் உயிரணுவில் பழுது வந்தால் அது நம்முடையதைவிடச் சட்டென்று தன்னையே முடித்துக்கொள்கிறது. கிரிக் பக்கம் செம்பனைக் கன்றுகளைப் பிடுங்கித் தின்னும் யானைகளைப் பற்றி உன் தாத்தா திட்டும்போது இதையும் சொல்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கிராணி, தோட்டத்து எழுத்தர். நான் வேலை செய்த தோட்டத்தின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் நான்கு, 1961 முதல் 1966 வரை உள்ளவை, எப்படியோ என் வீட்டுக்கு வந்துவிட்டன. டிவிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறேன். மகன் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறான். போடலாமா?
— கிராணி, சுங்கை சிப்புட்

போட்டால் உங்களோடு பேச மாட்டேன்.

நட்சன் கையில் இருந்தது என்ன? இருபத்தைந்து ஆண்டு யாரோ பொறுமையாக எழுதிவைத்த பக்கங்கள். எழுதியவர்களில் யாருக்கும் இதிலிருந்து இப்படி ஒன்று பிறக்கும் என்று தெரிந்திருக்காது. உங்கள் நான்கு பதிவேட்டிலிருந்து அப்படி ஒன்றும் பிறக்காமல் போகலாம். ஆனால் அதில் பிரசவம், காய்ச்சல், கட்டி, மரணம் எல்லாம் தேதியோடு இருக்கும். லயத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலைந்தவர்களின் தேதிகூட இருக்கலாம். அவற்றில் உள்ள ஆள்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்னும் இதே ஊரில் நடமாடுகிறார்கள். எனவே யாருக்கும் பிரித்துக் காட்ட வேண்டாம், படம் பிடித்து அனுப்பவும் வேண்டாம். தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்போம், கடிதத்தை நானே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை வருகிறேன். அதற்குள் டிவியை இறக்கி ஒரு ஸ்டூலில் வையுங்கள். பதிவேடுகளை வெயிலில் காயவைக்க வேண்டாம், தாள் நொறுங்கிவிடும். நிழலில், காற்றோட்டமாக, நிமிர்த்தி வையுங்கள். கரையான் இருந்தால் மண்ணெண்ணெய் தெளித்துவிடாதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.